போதும் என்று சொல்லும் குடல்

ஓர் ஈயின் மூளைப்பகுதிக்கும் முன்குடலுக்கும் இடையே மெல்லிய நரம்பு ஒன்று ஓடுகிறது. மீள்நரம்பு என்பது அதன் பெயர். 1958-இல் வின்சென்ட் டெத்தியர், டீட்ரிஷ் போடன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அழுகிய இறைச்சியில் முட்டையிடும் ஈ வகை ஒன்றில் இந்த நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். பிறகு அதன் முன்னால் சர்க்கரைக் கரைசலை வைத்தார்கள். ஈ குடிக்கத் தொடங்கியது. வழக்கமாகச் சற்று நேரத்தில் உறிஞ்சுகுழலை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிடும் ஈ, இப்போது நகரவே இல்லை. வயிறு உருண்டது, கணுக்களுக்கு இடையிலான தோல் உள்ளிருப்பது தெரியும் அளவுக்கு மெலிந்து விரிந்தது, அப்போதும் குடித்துக்கொண்டே இருந்தது. இப்படி நரம்பு அறுந்த ஈக்கள் வெடிக்கும் வரை குடிப்பதுண்டு.

பசி என்பது இரத்தத்தில் சர்க்கரை குறைவது, நிறைவு என்பது அது ஏறுவது என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். அவர்கள் அதையும் சோதித்தார்கள். ஈயின் உடற்குழிக்குள் நேரடியாகச் சர்க்கரையை ஏற்றியபோது, அது உண்பதை நிறுத்தவில்லை. குடலுக்குள் ஏதோ நடந்தாக வேண்டும். அந்தச் செய்தி மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அப்போதுதான் ஈ வாயை எடுக்கும்.

இந்தச் சோதனையைப் பற்றி முதன்முதலில் படித்ததிலிருந்து பூச்சிகளின் குடலை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். உண்ணத் தொடங்குவது உயிருக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. காலின் நுனியில் உள்ள சுவைமயிர் ஒன்று இனிப்பைத் தொட்டாலே ஈயின் வாய் நீண்டுவிடும். நிறுத்துவதற்குத்தான் உடல் இத்தனை ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. குடலின் ஹார்மோன்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் பெரும்பங்கு ஏதோ ஒன்றை அடக்கவும், தள்ளிப்போடவும், முடித்துவைக்கவுமே வேலை செய்கின்றன. பாடப்புத்தகங்கள் குடலைச் செரிக்கும் குழாயாகவே காட்டுகின்றன. அந்தக் குழாயின் சுவரில் உட்கார்ந்து உடல் முழுவதற்கும் உத்தரவு பிறப்பிக்கும் உயிரணுக்களைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பத்தான் இதை எழுதுகிறேன்.

விலங்கியல் படித்தவர்களுக்குக் கரப்பான் பூச்சியின் குடல் நன்றாக நினைவிருக்கும். மெழுகுத் தட்டில் தண்ணீருக்கடியில் அதைத் திறந்தால், உணவுக்குழாய், அதன் பின்னால் ஊதிய தீனிப்பை, ஆறு பற்கள் கொண்ட அரைவைப்பை, நடுக்குடல், மஞ்சள் நூல்களாகச் சிதறிக் கிடக்கும், கழிவைப் பிரிக்கும் மால்பீஜியன் நுண்குழல்கள், கடைசியில் பின்குடல். முன்குடலும் பின்குடலும் உண்மையில் வெளித்தோலின் உள்மடிப்புகள். அவற்றின் உட்சுவரில் கைட்டின் படலம் இருக்கிறது. பூச்சி தோலுரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரிந்துவிடும். நடுக்குடலுக்கு அந்த உறை கிடையாது. செரிமானமும் உறிஞ்சலும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. நான் இங்கே சொல்லப்போகும் பல ஹார்மோன்கள் பிறப்பதும் அங்கேதான்.

மாணவப் பருவத்தில் எனக்கு வியப்பாக இருந்தது பின்குடல். உடலிலிருந்து தனியே எடுத்து உப்புக் கரைசலில் போட்ட பிறகும் அது சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. தலையும் இல்லை, உணவும் இல்லை, இருந்தாலும் அசைவு. சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளைப் பெப்டைட்கள் என்கிறோம்; பூச்சிகளின் பெப்டைட் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த அசைவைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பு வெட்டுக்கிளி. எனக்கு மிகப் பிடித்த கதை இது.

வெட்டுக்கிளி வேளை வேளையாக உண்ணும் பூச்சி. தொடர்ந்து கொறிப்பதில்லை, ஒரு வேளை உண்கிறது, நீண்ட நேரம் அசையாமல் இருக்கிறது, மறுபடி உண்கிறது. அதன் வாயருகே தொங்கும் குட்டையான உணர்வுறுப்புகளின் நுனியில் நூற்றுக்கணக்கான சுவைமயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரின் முனையிலும் ஒரு நுண்துளை. இலையின் சாறு அந்தத் துளை வழியாக உள்ளே போய் நரம்பைத் தொடும். 1970-களின் தொடக்கத்தில் எலிசபெத் பெர்னேஸ், ரெஜினால்ட் சாப்மன் ஆகியோர் ஒரு விந்தையான செய்தியைக் கண்டுபிடித்தார்கள்: உண்டு முடித்த வெட்டுக்கிளியில் இந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன. மயிர்நுனியின் மின்தடையை அளந்தால் உண்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறது. நேரம் போகப்போகத் துளைகள் மீண்டும் திறக்கின்றன. அடுத்த வேளைக்கான சுவை திரும்பி வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்று அவர்கள் பின்தொடர்ந்து போனார்கள். தீனிப்பை நிரம்பி விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்பு முனைகள் இழுபடுகின்றன. அந்தச் சேதி நெற்றிப்பகுதி நரம்புமுடிச்சுக்குப் போகிறது. அங்கிருந்து, மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கார்ப்போரா கார்டியாக்கா என்ற சுரப்பிக்கு. அந்தச் சுரப்பி, பூச்சிக்கு இரத்தமாக இருக்கும் உடற்குழி நீரில் ஒரு ஹார்மோனை விடுகிறது. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று வாய். பசியோடு இருக்கும் வெட்டுக்கிளிக்கு அந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றினாலும் துளைகள் மூடிக்கொண்டன. உண்டதாகவே அதன் வாய் நடந்துகொண்டது.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நிறைவு என்பது மூளைக்குள் எங்கோ பிறக்கும் உணர்வு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெட்டுக்கிளியின் உடலில் நிறைவு என்பது சுவை மங்கிப்போவது. மூளையின் முடிவுக்குக் காத்திராமல், உணவின் கவர்ச்சியை அது வந்து சேரும் வாசலிலேயே குடல் குறைத்துவிடுகிறது. எதிரே இருப்பது அதே இலைதான். ஆனால் மூளைக்கு வந்து சேரும் அழைப்பு மெலிந்துவிட்டது. பின்னாளில் ஸ்டீபன் சிம்ப்சனின் குழு இன்னொன்றையும் காட்டியது. உடற்குழி நீரில் அமினோ அமிலங்கள் கூடினால், சுவைமயிர்கள் அமினோ அமிலங்களுக்கு மட்டும் மந்தமாகின்றன. சர்க்கரைக்கு அவை வழக்கம்போலவே துடிக்கின்றன. புரதம் போதும், மாவுச்சத்து இன்னும் வேண்டும் என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கும் ஏற்பாடு அது. மிகச் சிறிய மூளை கொண்ட ஒரு உயிர் இவ்வளவு நுட்பமாகத் தன் உணவை அளந்து உண்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

இனி அந்தக் கரப்பான் குடலுக்கு வருகிறேன்.

ஹார்மோன் என்ற கருத்தே குடலில்தான் தொடங்கியது. 1902-இல் லண்டனில் வில்லியம் பெய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் நாயின் சிறுகுடல் சுவரிலிருந்து செக்ரெட்டின் என்ற பொருள் இரத்தத்தில் கலந்து கணையத்தைச் சுரக்கவைப்பதைக் காட்டினார்கள். பூச்சிகளிடம் ஹார்மோன் உண்டு என்பதற்கு முதல் சான்று, முதல் உலகப்போர்க் காலத்தில் போலந்து நாட்டவரான ஸ்டெஃபான் கோப்பெச் அந்துப்பூச்சியின் புழுக்களை வைத்துச் செய்த சோதனைகளில் கிடைத்தது. மூளையை எடுத்துவிட்டால் புழு கூட்டுப்புழுவாவதில்லை என்று அவர் கண்டார். ஆனால் பூச்சியின் பெப்டைட் ஒன்றைப் பிரித்தெடுத்து அதன் அமினோ அமில வரிசையை முழுதாகப் படிக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் அளவு. ஒரு பூச்சியின் உடலில் இருக்கும் பெப்டைட் ஹார்மோன் எண்ணிப் பார்க்கவும் முடியாத அளவுக்குச் சிறியது. கனடாவில் பிரையன் பிரவுன், ஆல்வின் ஸ்டாரட் என்ற இருவரும் 1,25,000 கரப்பான் பூச்சிகளை அரைத்தெடுத்தார்கள். அந்தக் கூழைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துளியைத் தனியே எடுத்த பின்குடலின் மீது விட்டுப் பார்த்தார்கள். குடல் சுருங்கினால் தேடும் பொருள் அந்தப் பகுதியில் இருக்கிறது. சுருங்காவிட்டால் அதைத் தள்ளிவிடலாம். கடைசியில் கையில் தேறியது சுமார் 180 மைக்ரோகிராம். வெறும் கண்ணால் பார்க்கவே சிரமப்படும் அளவு. அதை வைத்து வரிசையைக் கண்டுபிடித்தார்கள்: ஆர்ஜினின், டைரோசின், லூசின், புரோலின், திரியோனின். ஐந்தே அமினோ அமிலங்கள். புரோக்டோலின் என்று பெயரிட்டார்கள்.

இன்று மரபணு வரிசையைக் கணினியில் திறந்தால் ஒரு பூச்சியின் பெப்டைட்கள் அனைத்தையும் ஒரு மாலைப்பொழுதில் தேடிவிடலாம். அந்த வசதி நல்லதுதான். ஆனாலும் அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் மீது எனக்குத் தனி அன்பு உண்டு. எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதே தெரியாமல், சுருங்கும் ஒரு குடலின் சொல்லை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் அவர்கள் வேலை செய்தார்கள்.

பெப்டைட் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரணு முதலில் நீளமான ஒரு புரதத்தைச் செய்கிறது. அதில் குறிப்பிட்ட இடங்களில், பெரும்பாலும் லைசினும் ஆர்ஜினினும் இரட்டையாக வரும் இடங்களில், நொதிகள் வெட்டுகின்றன. துண்டுகளின் வால்முனையில் பல வேளைகளில் ஓர் அமைடு தொகுதி சேர்க்கப்படுகிறது. அது இல்லாவிட்டால், சேதியைப் பெறும் உயிரணுவின் சவ்விலுள்ள ஏற்பி என்ற புரதம் அந்தப் பெப்டைடை அடையாளம் காண்பதில்லை. தயாரான துண்டுகள் நுண்ணிய பைகளில் காத்திருக்கின்றன. சமிக்ஞை வந்ததும் வெளியேறுகின்றன. பூச்சிக்கு நம்மைப்போல் மூடிய இரத்தக்குழாய் வலை கிடையாது. உறுப்புகள் எல்லாம் ஒரே உடற்குழி நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. குடல் ஒரு பெப்டைடை விட்டால் அது எல்லா உறுப்பையும் நனைக்கும். யாரிடம் அதற்கான ஏற்பி இருக்கிறதோ அவர்கள் மட்டுமே கேட்பார்கள். வேலை முடிந்ததும் உயிரணுச் சவ்வுகளில் இருக்கும் நொதிகள் பெப்டைடை நறுக்கிவிடும். நிறுத்தச் சொல்லும் சேதியையும் உரிய நேரத்தில் நிறுத்தியாக வேண்டும் அல்லவா!

சுருங்கும் குடலை வைத்து நடந்த அந்த வேட்டையில் 1986-இல் இன்னொரு பொருள் அகப்பட்டது. ரொனால்ட் நாக்மனும் மார்க் ஹோல்மனும் அவர்களது குழுவினரும் மடெய்ரா கரப்பானிலிருந்து பிரித்த லூக்கோசல்ஃபாகினின். அதன் வால்பகுதி, பாலூட்டிகளின் குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின், காஸ்ட்ரின் ஆகிய இரண்டு ஹார்மோன்களின் வால்பகுதியை ஒத்திருந்தது. மூன்றிலும் டைரோசின் ஒன்றின் மீது சல்ஃபேட் தொகுதி ஏறக்கூடிய இடமும் இருந்தது. கோலிசிஸ்டோகைனினை ஏற்றினால் எலிகள் உணவைக் குறைத்துக்கொள்கின்றன என்பது 1973-லிருந்தே தெரிந்த செய்தி. பூச்சியிலும் அப்படியா என்று பார்த்தார்கள். பாலைவன வெட்டுக்கிளிக்கு சல்ஃபாகினினை ஏற்றியபோது அது உண்ணும் அளவு குறைந்தது. சல்ஃபேட் தொகுதியை நீக்கிவிட்டால் அந்த விளைவு இல்லை.

பூச்சிக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அதன்பின் ஒருவருக்கு முதுகெலும்பு வந்தது, மற்றவருக்கு வெளிக்கூடு வந்தது. கண், கால், மூச்சு எல்லாமே வெவ்வேறு வழியில் போயின. அப்படியிருந்தும் நிறைவைச் சொல்லும் மூலக்கூறு ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டது. இது ஒன்று மட்டும் அல்ல. பூச்சிகளின் டாக்கிகைனின், நியூரோபெப்டைட் எஃப், அலாட்டோஸ்டாட்டின் சி, இன்சுலின் குடும்பப் பெப்டைட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நம் உடலில் உறவுக்காரர் இருக்கிறார். பூச்சியில் முதலில் கிடைத்த இன்சுலின் உறவினரான பாம்பிக்சின், ஜப்பானில் பட்டுப்புழு அந்துப்பூச்சிகளின் தலைகளிலிருந்து 1980-களில் பிரிக்கப்பட்டது.

இதுவரை சொன்னவற்றில் குடல் கேட்பவராகவும் விரிபவராகவும் இருந்தது. பேசியது பெரும்பாலும் நரம்பும் தலைச்சுரப்பியும். குடலே பேசுகிறது என்ற கதை பழ ஈயில்தான் முழுமையாக விரிந்தது.

பழ ஈயின் நடுக்குடல் சுவரில் பெரும்பாலானவை உணவை உறிஞ்சும் உயிரணுக்கள். அவற்றுக்கிடையே, நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை என்ற அளவில், ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்கள் அங்கங்கே பதிந்திருக்கின்றன. 2006-இல் இரண்டு குழுக்கள், ஒன்று நார்பர்ட் பெரிமனுடையது, மற்றது ஆலன் ஸ்ப்ராட்லிங்குடையது, ஒரே நேரத்தில் இந்தக் குடலில் மூல உயிரணுக்கள் இருப்பதைக் காட்டின. இரண்டு வகை உயிரணுக்களும் அவற்றிலிருந்தே பிறந்து, தேய்ந்து, மாற்றப்படுகின்றன. ஹார்மோன் உயிரணுக்கள் பல ஒரு முனையில் உணவைத் தொட்டுக்கொண்டு, மறுமுனையில் உடற்குழி நீரை நோக்கிச் சுரக்கும். உள்ளே என்ன வந்தது என்று சுவைத்துப் பார்த்து வெளியே சொல்லும் அமைப்பு. யான் வேன்ஸ்ட்ரா இந்தக் குடலின் பெப்டைட்களைப் பகுதி பகுதியாக வரைபடமாக்கினார். ஒரே உயிரணு இரண்டு மூன்று பெப்டைட்களைச் சேர்த்துச் செய்வதும் உண்டு. குடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தச் சேர்க்கை மாறும்.

அவை என்ன சொல்கின்றன? முதலில் பக்கத்து வீட்டிலேயே பேசுகின்றன. டாக்கிகைனின், அருகிலுள்ள உறிஞ்சும் உயிரணுக்களில் கொழுப்பு உருவாவதை அடக்குகிறது. 2014-இல் பெரிமன் குழுவும் வேன்ஸ்ட்ராவும் இந்த உயிரணுக்களை நீக்கியபோது, குடல் சுவரில் கொழுப்புத் துளிகள் பெருகின. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் விடும் அசிட்டேட் அந்த டாக்கிகைனின் அளவை நிலைநிறுத்துகிறது என்பதும் பிறகு தெரிந்தது.

அடுத்து உடல் முழுவதற்கும் பேசுகின்றன. ஈ சர்க்கரையை உண்டால் நடுக்குடலிலிருந்து நியூரோபெப்டைட் எஃப் புறப்படுகிறது. மேலே போய், கொழுப்பைக் கரைக்கச் சொல்லும் அடிப்போகைனடிக் ஹார்மோனை அடக்குகிறது. இன்சுலின் வகைப் பெப்டைட்களைத் தூண்டுகிறது. உணவு வந்துவிட்டது, சேமிப்பில் கைவைக்காதே என்பது அதன் பொருள். இதே பெப்டைட், பெண் ஈ கலவி செய்தபின் குடலிலிருந்து சுரந்து, சூலகத்தில் முட்டைக்கான மூல உயிரணுக்களைப் பெருகவும் வைக்கிறது. வம்சம் எவ்வளவு வளரலாம் என்பதில் குடலுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

எல்லாமே நிறுத்தும் சேதிகள் என்று சொன்னால் அது உண்மைக்குப் பொருந்தாது. பெண் ஈ பட்டினி கிடக்கும்போது குடல் அலாட்டோஸ்டாட்டின் சி-யை விடுகிறது. அது அடிப்போகைனடிக் ஹார்மோனைத் தூண்டி, கொழுப்பைக் கரைத்து, உணவு தேடவும் வைக்கிறது. இதை 2022-இல் காட்டினார்கள். ஆனாலும் இந்த ஒரு தூண்டுதலுக்கு எதிரே அடக்கும் கரங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கும்போது, தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு: பட்டினியாக இருந்த ஆண் ஈ, உணவையும் பெண்ணையும் ஒருசேரக் கண்டால் முதலில் உணவிடம் போகிறது. புரதம் மிகுந்த உணவைச் சற்று நேரம் உண்டதும் குடலிலிருந்து டிஎச்31 என்ற பெப்டைட் வெளியேறுகிறது. மூளையில் ஒரு தொகுதி நரம்பணுக்கள் வழியாக உண்பதை அடக்குகிறது. இன்னொரு தொகுதி வழியாகக் காதலை அவிழ்த்துவிடுகிறது. ஒரே பெப்டைட் ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறக்கிறது.

2023-இல் டிராகானா ரோகுல்யாவின் ஆய்வகத்திலிருந்து வந்த செய்திதான் என்னை அதிகம் அசைத்தது. தூங்கும் ஈயை இலேசான அதிர்வு எழுப்பிவிடும். புரதம் மிகுந்த உணவை உண்ட ஈக்கள் அப்படி எளிதில் எழுவதில்லை. குடலின் ஹார்மோன் உயிரணுக்கள் புரதத்தை உணர்ந்து சிசிஎச்ஏ1 என்ற பெப்டைடை விடுகின்றன. அது மூளையில் டோபமின் சுரக்கும் சில நரம்பணுக்களின் வேலையை மாற்றி, வெளியே நடக்கும் சலனம் தூக்கத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. குடலில் மட்டும் அந்தப் பெப்டைடைக் குறைத்தால் ஈ சிறு அதிர்வுக்கும் விழித்துக்கொள்கிறது. வெட்டுக்கிளியின் வாய்த்துளை மூடுவதற்கும் இதற்கும் நடுவே நான் ஒரே போக்கைப் பார்க்கிறேன். நிறைந்த குடல் புலன்களின் வாசலைச் சாத்துகிறது. முன்னதில் சுவை, பின்னதில் அதிர்வு.

செரிமானத்தோடு நேராகத் தொடர்புள்ள நிறுத்தல் ஒன்றும் இருக்கிறது. அதற்குச் சிறந்த பூச்சி ரோட்னியஸ். தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் இரத்தம் குடிக்கும் பூச்சி இது. ஐந்தாம் பருவ இளம்பூச்சி ஒரே வேளையில் தன் எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு இரத்தம் குடித்துவிடும். அத்தனை எடையோடு அதனால் நகர முடியாது. அதனால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிறுநீர் பிரிகிறது. செரொட்டோனின் உடற்குழி நீரில் பெருகி வயிற்றுத்தோலை இளக்கி விரியவிடுகிறது. பெப்டைட் ஹார்மோன்களோடு சேர்ந்து, இரத்தத்திலுள்ள உப்பையும் நீரையும் குடலிலிருந்து இழுத்து மால்பீஜியன் நுண்குழல்கள் வழியே வெளியேற்றுகிறது. அந்தக் கழிவோடுதான் நோய்க்கிருமியும் மனிதத் தோலில் வந்து விழுகிறது.

இந்தப் பிரவாகம் தானாக ஓய்ந்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படி விட்டால் பூச்சி வற்றிப்போகும். சில மணி நேரத்தில் காப்பா குடும்பத்துப் பெப்டைட் ஒன்று வெளிவந்து, செரொட்டோனினின் வேலையை எதிர்த்து நுண்குழல்களை அடக்குகிறது. இயன் ஆர்ச்சர்டும் ஜான்-பால் பலூஸியும் இதைக் கண்டறிந்தார்கள். மீதமிருக்கும் செறிந்த இரத்தத்தைப் பூச்சி பல நாட்கள் வைத்துச் செரிக்கும். அந்த வேளை உணவு போதிய அளவுக்குப் பெரியதாக இருந்திருந்தால், வயிற்றின் விரிவே மூளைக்குச் சொல்லித் தோலுரிப்பையும் தொடங்கிவைக்கும். சிறு சிறு வேளைகளாகக் குடித்தால் தோலுரிப்பு நடக்காது. வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் இதை 1934-லேயே எழுதிவிட்டார்.

கொசுவுக்கு வருவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டை வகைப் பெண் கொசு தன் எடைக்கு ஈடான இரத்தத்தைக் குடிக்கும். குடித்த உடனே மனித வாசனை அதை இழுப்பதில்லை. 1979-இல் மார்க் க்ளௌடன், ஆர்டன் லீ இருவரும் இதில் இரண்டு கட்டங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் வயிற்றின் விரிவு; உப்புநீரால் வயிற்றை நிரப்பினாலும் கொசு மனிதரைத் தேடுவதை விட்டுவிடுகிறது. பிறகு வயிறு சுருங்கியும் தேடல் திரும்புவதில்லை. முட்டை வளரும் நாட்களில் உடற்குழி நீரில் இருக்கும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. முட்டையிட்ட பிறகே கொசு மீண்டும் கிளம்புகிறது.

இந்த இடைப்பட்ட நாட்களில் குடலுக்குள் இன்னொரு நிறுத்தல் நடக்கிறது. இரத்தப் புரதத்தை உடைக்க நடுக்குடல் டிரிப்சின் என்ற நொதியைச் செய்கிறது. முட்டைகளுக்கு வேண்டிய மஞ்சள்கரு சேர்ந்ததும் சூலகம் ஒரு பெப்டைடை விடுகிறது. டாவ் போரோவ்ஸ்கி 1990-இல் அதைப் பிரித்து வரிசையைப் படித்தார். பத்து அமினோ அமிலங்கள். அவற்றில் கடைசி ஆறும் புரோலின். டிஎம்ஓஎஃப் என்று சுருக்கிச் சொல்வார்கள். அது நடுக்குடலை அடைந்து, டிரிப்சின் உற்பத்தியை நிறுத்துகிறது. தேவை முடிந்ததை உணவைப் பெற்றுக்கொள்ளும் சூலகமே குடலுக்குத் தெரிவிக்கிறது.

பெப்டைடை மருந்தாகவோ பூச்சிக்கொல்லியாகவோ ஆக்க முனைந்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. வாய் வழியே கொடுத்தால் குடல் அதைச் செரித்துவிடும். தோல் வழியே அது நுழையாது. டிஎம்ஓஎஃப் அந்தச் சுவரைத் தாண்டியது. வரிசையாக நிற்கும் புரோலின்கள் அதைக் குடலின் நொதிகளிடமிருந்து காத்தன. அந்தப் பெப்டைடைச் செய்யும்படி மாற்றிய பாசியையும் ஈஸ்ட்டையும் கொசுப் புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தார்கள். புழுக்கள் உண்டன, டிரிப்சின் சுரக்கவில்லை, குடல் நிறைய உணவை வைத்துக்கொண்டே பட்டினியில் இறந்தன.

2019-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷால், லாரா டுவால் குழுவினர் வேறு வழியில் வந்தார்கள். மனிதரின் பசியைக் குறைக்கச் செய்யப்பட்ட, நியூரோபெப்டைட் ஒய் ஏற்பியைத் தூண்டும் மருந்துகளைப் பெண் கொசுக்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். அவை மனிதரைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டன. கொசுவிடம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் பல உண்டு. இந்த விளைவுக்குக் காரணமான ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு 2,60,000-க்கும் மேற்பட்ட வேதிச்சேர்மங்களைச் சலித்து, மனித ஏற்பியைத் தொடாமல் கொசுவின் ஏற்பியை மட்டும் தூண்டும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை உண்ட கொசுக்களும் இரத்தம் குடித்தவை போலவே மனித வாசனையைப் பொருட்படுத்தவில்லை.

இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நரம்பைத் தாக்கிக் கொல்லும் நச்சுகளுக்குக் கொசுக்கள் உலகெங்கும் பழகிவருகின்றன. அந்த நச்சுகள் தேனீயையும் தண்ணீர்ப்பூச்சியையும் விட்டுவைப்பதில்லை. கொசுவின் உடல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவது அதைவிடக் குறியான வேலை. மீதமிருப்பது ஊட்டும் முறை. பெண் கொசு தேடி வந்து குடிக்கும் பொறி ஒன்றைச் செய்ய வேண்டும். அதில் வைக்கும் நீர், கொசு வயிறு நிறையக் குடிக்கும் அளவுக்கு இரத்தத்தை ஒத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்காக உப்புநீரில், உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கலந்து, மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைத்து, உடற்சூட்டுக்குச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். அதே ஏற்பாட்டை, ஆளில்லாத திறந்தவெளியில் நாள்கணக்கில் கெடாமல் நிற்கும்படி செய்ய முடிந்தால், கொசுக்கூண்டுக்குள் கண்ட விளைவு தெருவிலும் கிடைக்கும்.